மின்னலின் துஆ

பள்ளிவாசலில் அவருக்கு மின்னல் என்று பெயர். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும், மற்றவர்கள் துஆ கேட்க இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு வீட்டுக் கவலை, உடம்புக் கவலை என்று ஒவ்வொன்றாக இறைவனிடம் இறக்கி வைப்பார்கள். இவர் மட்டும் கையை ஏந்துவதும் முகத்தைத் தடவுவதும் எழுவதும் ஒரே அசைவில் முடிந்துவிடும். பக்கத்தில் உட்காருபவர்கள் விடுவார்களா?

“என்ன மின்னல், அங்க உங்களுக்கு மட்டும் தனி கவுண்டரா?” என்பார் தையல்காரர்.

“கவுண்டராவது ஒண்ணாவது! மிஸ்டு கால் கொடுத்துட்டு வந்துட்டார். அல்லாஹ்வே திரும்பக் கூப்பிடணுமாம்” என்பார் இன்னொருவர்.

மின்னல் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவார். “அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் வேற சொல்லணுமா?” என்பது அவருடைய வழக்கமான பதில். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதில் ஓர் உண்மையும் இருந்தது. ஆனால் அது அவருடைய உண்மை இல்லை. கேட்பது என்றால் தகவல் சொல்வது அல்ல, எதிரில் போய் நிற்பது. அவரால் நிற்கத்தான் முடியவில்லை. இருபத்திரண்டு வருடங்களாக.

அவர் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்கட்டில். முன்பக்கம் குளிர்சாதனம், நிலைக்கண்ணாடிகள், சிரித்த முகங்களின் படங்கள். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு மேசைகள், லென்ஸ் வெட்டும் இயந்திரம், எப்போதும் ஈரமான ஒரு துண்டு. சிலருடைய சீட்டில் பவரோடு ஒரு கோணமும் எழுதியிருக்கும். லென்ஸை அந்தக் கோணத்துக்குத் திருப்பி, மையால் மூன்று புள்ளி குறித்த பிறகுதான் வெட்ட வேண்டும். கோணம் மாறினால் போட்டுக்கொள்பவருக்குத் தரை சாய்ந்து தெரியும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஜோடி. அவர் கையில் தப்பு வருவது அபூர்வம். அப்படி அபூர்வமாக வந்த தப்புகளில் ஒன்றுதான் அவரை மின்னல் ஆக்கியது.

அப்போது அந்த அறையில் அவரோடு நெட்டை இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம். நுழையும்போதெல்லாம் நிலைப்படிக்குக் குனிந்து குனிந்து, வீதியில் நடக்கும்போதும் லேசாகக் குனிந்தே நடப்பான். ஒருவர் புள்ளி குறிப்பது, மற்றவர் வெட்டுவது என்று இருவரும் தினம் மாற்றிக்கொள்வார்கள். அன்று யாருக்கு எந்த வேலை என்பது சுவரில் ஒரு பலகையில் இருக்கும். பலகையில் இல்லாத ஏற்பாடு ஒன்றும் இருந்தது. மதியம் லுஹர் தொழுகைக்கு இருவரும் ஒன்றாகப் போக முடியாது. ஒருவர் போனால் இன்னொருவர் இருந்து இரண்டு வேலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இருபது நிமிடம் முதலாளிக்குத் தெரியும், ஆனால் கண்டுகொள்ளமாட்டார்.

குறிப்பது நெட்டையின் வேலையாக இருந்த ஒரு நாளில், அவன் தொழப் போயிருந்த அந்த இருபது நிமிடத்தில், ஒரு சீட்டு அவசரமாக வந்தது. மின்னல்தான் குறித்தார். வலது கண்ணின் கோணம் இடதுக்கும் இடதின் கோணம் வலதுக்கும் போய்விட்டது. கண்ணாடியை வாங்கிப்போன ஓய்வுபெற்ற ஆசிரியை மறுநாளே படிக்கட்டில் கால் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருடைய மகன் வந்து கடையையே இரண்டாக்கிவிட்டான்.

முதலாளி பின்கட்டுக்கு வந்தார். பலகையைப் பார்த்தார், நெட்டையைப் பார்த்தார், வாய்க்கு வந்தபடி திட்டினார். நெட்டை ஒன்றும் பேசவில்லை. திரும்பி மின்னலை மட்டும் பார்த்தான். அரை நிமிடம் இருக்கும். மின்னல் ஈரத் துண்டால் துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் மனைவி உண்டாகியிருக்கும் செய்தியை நெட்டையிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தார். வேலை போனால் என்ன செய்வது என்று பயந்தார். நெட்டையை அந்த இடத்திலேயே வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி.

நெட்டை சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அவன் கைகால் முகம் கழுவிவிட்டு, அறையின் மூலையில் விரிப்பைப் போட்டு இரண்டு ரக்அத் தொழுதான். பிறகு கைகளை ஏந்தினான். வெகுநேரம் ஏந்தியிருந்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முகத்தைத் தடவிக்கொண்டு, விரிப்பை மடித்து வைத்துவிட்டு, குனிந்து நிலைப்படியைத் தாண்டிப் போனான்.

அநீதி இழைக்கப்பட்டவன் கையேந்தினால் அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரையே இல்லை என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் மின்னல். ஒருவனுக்குக் கெடுதல் வரட்டும் என்று கேட்கும் துஆவுக்குப் பதுவா என்று பெயர். அன்று அந்த உதடுகள் கேட்டது அதைத்தான் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. அதன் பிறகு குழாய் உடைந்தாலும் அதுதான், மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான். தான் கையேந்தும்போது, தனக்கு முன்னால் அதே வாசலில் இன்னொரு ஜோடிக் கைகள் நிற்பதுபோல் இருக்கும். சட்டென்று முகத்தைத் தடவிவிட்டு எழுந்துவிடுவார். நல்லவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. நல்லவராக இருந்தால் மறுநாளே போய் உண்மையைச் சொல்லியிருப்பார். மறக்கத் தெரியாதவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்படியே போயிருக்கும். போன வாரம் மனைவியின் இடது அக்குளுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வியாழக்கிழமை என்றார்கள். மனைவி அழவில்லை. அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினாள். முடிந்ததும் மறுபடி காலி செய்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலைத் தொழுகை முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: “எனக்காகக் கேக்குறீங்கதானே?”

“ம்.”

“என்ன ம்? நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கை ஏந்துறீங்க, எடுத்துடுறீங்க. கரண்ட் அடிச்ச மாதிரி. எனக்குன்னுகூட ரெண்டு நிமிஷம் உங்களால ஏந்த முடியலையா?”

அந்தக் கேள்விக்கு வழக்கமான பதில் வேலை செய்யவில்லை. மின்னல் எல்லாவற்றையும் சொன்னார். பலகை, இருபது நிமிடம், ஆசிரியையின் மணிக்கட்டு, நெட்டையின் உதடு. சொல்லிமுடித்தபோது வெளியே நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. மனைவி விளக்கை அணைத்தாள்.

“இத்தனை வருஷமும் இதை வயித்துல கட்டிக்கிட்டா இருந்தீங்க?”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான். அந்த மனுஷன் இருக்காரா?”

“இருக்கான். ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாவிக் கடை வச்சிருக்கான்.”

“ரெண்டு பஸ் தூரம்! நான் ஏதோ கடல் தாண்டிப் போயிட்டார்னு நினைச்சேன். போய்ப் பாருங்க.”

“இப்போ போனா உனக்காகப் போற மாதிரி இருக்கும். காரியம் ஆகணும்னு கால்ல விழுற மாதிரி.”

“காரியம் இல்லாம நீங்க இருபத்திரண்டு வருஷமா போகலையே! காரியத்தோடவாவது போங்க” என்றாள் அவள்.

புதன்கிழமை மதியம் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனார். சாவிக் கடையைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் கடை. சுவர் முழுக்க ஆணிகள், ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். உள்ளே நெட்டை உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

“வழி தெரிஞ்சு வந்தியா, வழி தவறி வந்தியா?”

“பேசணும்டா.”

“பேசு.”

மின்னல் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அண்ணே, கதவு சாத்திக்கிச்சு! சாவி உள்ள இருக்கு. அடுப்புல பால் வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்கண்ணே!”

நெட்டை பையைத் தூக்கித் தோளில் மாட்டினான். “நடந்துக்கிட்டே பேசு” என்றான்.

அடுத்த வீதியில், மூன்றாவது மாடியில் அந்த வீடு. படியேறும்போது பேசுவதற்கு மூச்சு இல்லை. கதவுக்கு முன்னால் நெட்டை மண்டியிட்டு, வளைந்த கம்பியைப் பூட்டுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்பதுபோல் அசையாமல் இருந்தான். மின்னல் அவனுடைய முதுகைப் பார்த்துச் சொன்னார். முகத்தைப் பார்க்க வேண்டாதது வசதியாக இருந்தது.

“அந்த டீச்சர் கண்ணாடி... அதைக் குறிச்சது நான்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நான் தொழுதுட்டு வந்தப்பவே வெட்டின லென்ஸ் மேசையில இருந்துச்சு. அந்த அறையில உன்னையும் என்னையும் தவிர வேற ஏதாவது ஜின்னு இருந்துச்சா?”

“அண்ணே, பால் வாசனை வருது” என்றாள் அந்தப் பெண்.

“இன்னும் பொங்கலைம்மா. பொங்கினா வேற வாசனை” என்றான் நெட்டை, கண்ணைத் திறக்காமல்.

“அப்புறம் ஏன் நீ அன்னிக்குச் சொல்லலை?”

“நீ சொல்வேன்னு காத்திருந்தேன். நீ துண்டை வச்சுக்கிட்டு தேய்ச்சுக்கிட்டே இருந்தே. இவனைக் காட்டிக்கொடுத்து நான் காப்பாத்திக்கிற வேலை எனக்கு வேணாம்னு தோணிச்சு. பெருந்தன்மைன்னு நினைச்சுக்காதே. வீம்பு.”

கேட்க வந்த கேள்வியை மின்னல் அப்போதுதான் எடுத்தார். “போறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் கையேந்தியிருந்தியே. எனக்குப் பதுவா செஞ்சியா?”

கம்பி நின்றது. நெட்டை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். “அதைக் கேக்கவா இத்தனை வருஷம் கழிச்சு வந்தே?”

“சொல்லுடா.”

“உன் பேரைச் சொல்லத்தான் கையேந்தினேன். இவனுக்குக் கை ஒடியட்டும்னு கேக்கலாமான்னு பார்த்தேன். அப்புறம், இவன் பொண்டாட்டி மாசமா இருக்காளே, கை ஒடிஞ்சா அந்தப் புள்ளைக்கு யாரு சோறு போடுவா? சரி, வேலை போகட்டும்னு கேக்கலாமா? உனக்கும் வேலை போனா எனக்கு என்ன வந்துடும்? ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம். இப்படி ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கிறேன், ஒண்ணுகூட எனக்குப் பிரயோஜனப்படலை. பதுவாவுக்குக்கூட ஒரு திட்டம் வேணும்டா. எனக்கு அந்த அறிவு பத்தலை.”

“அப்புறம் என்னதான் கேட்டே?”

“எனக்கு மேல ஒருத்தன் நின்னு திட்டாத ஒரு தொழிலைக் கொடுன்னு கேட்டேன். கொடுத்துட்டான். இப்போ வாடிக்கையாளருங்க திட்டுறாங்க. அதைச் சேர்த்துக் கேக்க மறந்துட்டேன்.”

“திட்ட மாட்டேன், கதவைத் திறங்கண்ணே!” என்றாள் அந்தப் பெண்.

மின்னல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடங்களாக ஒரு வாசலில் தனக்கு எதிராக நின்றுகொண்டிருந்த கைகள், அங்கே நிற்கவே இல்லை. அவை அப்போதே வேறு எதையோ வாங்கிக்கொண்டு போய்விட்டன. தன் பயத்தில் ஒரு பெருமிதமும் கலந்திருந்தது என்று அவருக்கு அப்போதுதான் பட்டது. இன்னொரு மனிதனின் துஆ முழுவதும் தன்னைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று அவர் எப்படி நம்பினார்?

“பதுவா செய்யலைன்னதும் எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு உக்காராதே” என்றான் நெட்டை, பூட்டுக்குத் திரும்பியபடி. “அப்புறம் நாலஞ்சு வருஷம் உன்னைத் தினமும் திட்டினேன். அது துஆ இல்லை. வெறும் திட்டு. அல்லாஹ்வுக்கு அனுப்பலை, நானே வச்சுக்கிட்டேன். கை சரியில்லாதவன்னு சொல்லி வேற எந்தக் கண்ணாடிக் கடையிலும் என்னைச் சேர்த்துக்கலை. அது உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இப்போ தெரிஞ்சுக்க.”

மின்னல் தலை குனிந்துகொண்டார். “நான் என்ன செய்யணும்?”

“முதலாளி உயிரோடதானே இருக்கார்? அவர்கிட்ட சொல்லு.”

“நாளைக்குப் போய்...”

“நாளைக்கு நீ மறுபடி துண்டை எடுத்துருவே. இப்போ சொல்லு. போன்ல.”

முதலாளிக்கு இப்போது எண்பது வயது. கடையை மகன் நடத்துகிறான். ஆனாலும் யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்பது இன்றும் அவர் சொல்தான். மின்னல் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் இருமல் கேட்டது. காது மந்தம் என்பதால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

“ஐயா, அந்த டீச்சர் கண்ணாடியைத் தப்பாக் குறிச்சது நான்! நெட்டை இல்லை! அவன் தொழப் போயிருந்தான்!”

எதிர் வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

“அவனுக்கு இது தெரியுமா?” என்றார் முதலாளி.

“பக்கத்துலதான் இருக்கான்.”

“போனை அவன்கிட்ட குடு.”

அந்த நேரத்தில்தான் பூட்டு ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது. அந்தப் பெண் இருவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். நெட்டை போனை வாங்கிக்கொண்டு நான்கு படி கீழே இறங்கி நின்றான். முதலாளி என்ன சொன்னார் என்பது மின்னலின் காதில் விழவில்லை. நெட்டை மட்டும் “ம்... ம்... இல்லைங்க, பரவாயில்லை... ம்...” என்றான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“இரும்புத் தூள்” என்றான்.

“மூணு மாடி ஏறியா வந்துச்சு?”

“வாயை மூடு.” போனைத் திருப்பிக் கொடுத்தான். “திட்டினதுக்கு மன்னிக்கணும்னு சொன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. உன்னை நாளன்னிக்கு வந்து பார்க்கச் சொன்னார். உன் வேலையைப் பத்தி நான் கேக்கலை. அது உன் பாடு.”

“சரி.”

உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது: “பாத்திரம்தான் கருகிடுச்சுண்ணே, வீடு தப்பிச்சுது!”

கீழே இறங்கும்போது மின்னல் மனைவியின் கட்டியைப் பற்றிச் சொன்னார். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். நெட்டை நடுப்படியில் நின்றுவிட்டான்.

“அறிவு இருக்காடா உனக்கு? இதை முதல்ல சொல்லியிருந்தா நான் உன்னைப் போன் பண்ண வச்சிருப்பேனா?”

“அதனாலதான் சொல்லலை.”

நெட்டை தோளில் பையைச் சரிசெய்துகொண்டான். பிறகு, கடன் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வதுபோல் எரிச்சலான குரலில், “சரி போ, விட்டுட்டேன். என் பக்கத்துல உன் மேல ஒண்ணும் இல்லை. போய்க் கேளு” என்றான்.

சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை நேரமாகிவிட்டது. கடைக்கு எதிரே இருந்த சின்னப் பள்ளிவாசலில் இருவரும் தொழுதார்கள். நெட்டை முடித்துவிட்டு வாசலில் போய் நின்றான். மின்னல் கைகளை ஏந்தினார். வழக்கம் இல்லாததால் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. மனப்பாடமாக இருந்த அரபு வார்த்தைகள் இரண்டு வந்து நின்றுவிட்டன. பிறகு தமிழில், சீட்டைப் படிப்பதுபோல் ஆரம்பித்தார்: யா அல்லாஹ், என் மனைவி. இடது பக்கம். பட்டாணி அளவு. சனிக்கிழமை எடுத்தார்கள். அவள் அலமாரியை நான்கு தடவை அடுக்கிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்ற இடத்தில் அணை உடைந்தது. அதற்குப் பிறகு அவர் என்ன கேட்டார் என்று அவருக்கே வரிசையாகச் சொல்ல வராது. கட்டியைப் பற்றிக் கொஞ்சம்தான் கேட்டார். மீதியெல்லாம் இருபத்திரண்டு வருடப் பாக்கி: அந்த ஆசிரியையின் மணிக்கட்டு, மகள் பிறந்தபோது சொல்லாமல் விட்ட நன்றி, குனிந்தபடி நிலைப்படியைத் தாண்டிப் போன ஒரு முதுகு. கை வலித்தது. இறக்கி முழங்கால்மேல் வைத்து ஏந்தினார். வெளியே வந்தபோது வாசலில் நெட்டை மட்டும்தான் இருந்தான்.

“உள்ள தூங்கிட்டியோன்னு நினைச்சேன்” என்றான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “சாதாரணக் கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமில்லை. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டிட்டுப் போங்க” என்றார். மனைவி “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழாமலே இருந்தாள். தாழ்வாரத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாத சிரிப்பு.

மின்னல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டுகளை மூலைவரை படித்துப் பழகிய கண்.

“என்னத்தை அப்படிப் படிக்கிறீங்க? டாக்டர் சொன்னது போதாதா?”

“செவ்வாய்க்கிழமை கையெழுத்து போட்டிருக்காங்க. முடிவு அன்னிக்கே வந்துடுச்சு. நான் கேட்டது புதன்கிழமை மஃரிப்ல.”

“அதனால?”

“அப்போ நான் கேட்டது எதுக்கு?”

“நான் சனிக்கிழமையிலிருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். இது என்னோடது” என்றாள் அவள். “கேட்டதே கிடைக்கும், இல்லைன்னா வர இருந்த ஒரு கெடுதல் விலகிப் போகும், அதுவும் இல்லைன்னா மறுமைக்குன்னு எடுத்து வைக்கப்படும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லலையா? உங்களோடது எங்கேயோ பத்திரமா இருக்கும். எதுக்குன்னு அவனுக்குத் தெரியும். நீங்க உத்து உத்துப் பார்க்காதீங்க.”

அந்தப் பதில் அவருக்கு முழுதாகப் போதவில்லை. புதன்கிழமை தான் கேட்கப்போவது செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்த ஒருவனுக்குக் கிழமைகள் எதற்கு என்று ஒரு யோசனை ஓடியது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஒன்று மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமையே இந்தத் தாள் தன் கைக்கு வந்திருந்தால், சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறுபடி மூடி வைத்திருப்பார்.

“சனிக்கிழமையிலிருந்து நீ என்னன்னு கேட்டே?”

“சொல்ல மாட்டேன். சொன்னா இப்படிக் கேட்டிருக்கணும், அப்படிக் கேட்டிருக்கணும்னு கோணம் பார்ப்பீங்க.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மனைவி, இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். ஐந்து நாள் தூக்கம். தலை அவர் தோளில் வந்து விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, வீட்டுக்குத் திரும்பும் முனையும் ஜன்னலில் தெரிந்தது. மின்னல் அசையவில்லை. பஸ் மறுபடி கிளம்பியது.

பழகிய முகமான கண்டக்டர் பக்கத்தில் வந்தார். “என்ன சார், இறங்கலையா?”

“மெதுவாப் பேசுங்க” என்றார் மின்னல். “கடைசி ஸ்டாப் வரைக்கும் போறோம்.”